உப்பும் சர்க்கரையும் ஒரு குவளை நீரும்

நம் உடலின் எடையில் பெரும்பகுதி நீரே. வளர்ந்த ஆடவரின் எடையில் 100க்கு ஏறத்தாழ 60 பங்கும், பிறந்த குழந்தையின் எடையில் ஏறத்தாழ 75 பங்கும் நீராகும். மூச்சிலும் வியர்வையிலும் சிறுநீரிலுமாக நாள்தோறும் இரண்டரை லிட்டர் அளவு நீரை நாம் இழக்கிறோம். உணவிலும் பானத்திலும் அதனைத் திரும்பப் பெறுகிறோம். இவ்வரவும் செலவும் ஒத்திருக்கும் வரையில் இதனைப் பற்றி நாம் எண்ணுவதே இல்லை. செலவு மிகுந்து வரவு குறையும்போது நா வறளுகிறது, தலை கிறுகிறுக்கிறது, சிறுநீர் சுருங்கி மஞ்சளாகிறது. அதற்கு மேலும் இழப்பு தொடருமானால் உயிருக்கே ஆபத்து நேருகிறது.

தமிழகத்தை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இச்செய்தி சிறிது கூடுதலாகவே தேவைப்படுகிறது. டில்லியிலும் நாகபுரியிலும் கோடையில் வீசும் அனற்காற்று நம் ஊர் வெயிலைப் போன்றதன்று. வியர்வை தோன்றுமுன்பே உலர்ந்துவிடுவதால், எவ்வளவு நீரை இழந்தோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. பம்பாயிலும் கல்கத்தாவிலும் மழைக்காலம் தொடங்கியதும் வயிற்றுப்போக்கும் உடன் தொடங்கிவிடுகிறது. தாயும் பாட்டியும் அருகில் இல்லாத சிறு குடும்பத்தில், இரவு நேரத்தில் குழந்தைக்குப் பேதி கண்டால் என்ன செய்வதென்று திகைத்துப் போகும் இளம் பெற்றோர் நம்மிடையே பலர் உண்டு.

இழந்த நீரைத் திரும்பத் தருவது எப்படி? தண்ணீர் கொடுத்தால் போதுமே என்று தோன்றலாம். ஆனால் இவ்வெளிய வினாவுக்குச் சரியான விடை காண மருத்துவ உலகம் ஏறத்தாழ 140 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அவ்விடையின் பெரும்பகுதி இந்திய மண்ணில், அதிலும் கல்கத்தாவிலும் அதனைச் சுற்றியுள்ள வங்க நாட்டிலும் பிறந்தது. லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறைகளாக வாழும் நம்மவர் நாள்தோறும் நடக்கும் அந்நகரத்தின் கதை இது. ஆதலால் ஒரு வகையில் நம்முடைய கதையும் ஆகும்.

1817ஆம் ஆண்டில் வங்காளத்தின் ஜெஸ்ஸூர் பகுதியில் வாந்திபேதி பெருவாரியாகப் பரவிற்று. காலரா எனப்படும் அந்நோய் வங்கத்தின் நீர்நிலைகளில் அதற்கு முன்பும் இருந்ததே. ஆயினும் அவ்வாண்டு அது எல்லை கடந்து புறப்பட்டது. படைகளோடும் வணிகர்களோடும் யாத்திரிகர்களோடும் பயணஞ்செய்து, அடுத்த ஆண்டில் சென்னை இராஜதானியை அடைந்தது. பின்னர்க் கடல் கடந்து ஆசிய நாடுகள் பலவற்றைச் சூறையாடிற்று. அடுத்து வந்த அலை 1831இல் இங்கிலாந்தையும் எட்டிற்று.

காலராவின் கொடுமை அதன் வேகத்தில் இருந்தது. காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் மாண்டுபோவார். கஞ்சி வடித்த நீரைப் போன்ற கழிச்சல் இடைவிடாது வெளியேறும். கடுமையாகத் தாக்குண்டவர் மணிக்கு ஒரு லிட்டர் வரையில் இழப்பதும் உண்டு. கண் குழிவிழும், தோல் சுருங்கும், குரல் கம்மும், கை கால் குளிர்ந்து நாடி அடங்கும். இவ்வாறு கடுமையாக நோய் கண்டவர்களுக்குத் தக்க சிகிச்சை கிட்டாவிடின் இருவருள் ஒருவர் இறப்பது வழக்கம். நோயின் காரணம் கெட்ட காற்று என்று அக்காலத்து வைத்தியர் பலர் நம்பினர். நோயாளியின் இரத்தத்தைக் கீறி வடிப்பதும், பாதரசக் கலவையைப் பேதி மருந்தாகக் கொடுப்பதும் சிகிச்சை என்று கருதப்பட்டன. ஏற்கெனவே வற்றிக்கொண்டிருந்த உடலை மேலும் வற்றச் செய்த சிகிச்சை அது.

இம்மயக்கத்தினூடே உண்மையைக் கண்டவர் 22 வயது நிரம்பிய ஓர் ஐரிஷ் இளைஞர். வில்லியம் ஓஷானஸி என்னும் அவர் 1831ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகத்துக்குச் சென்று, காலரா நோயாளிகளின் இரத்தத்தை இரசாயன முறையில் ஆராய்ந்தார். இரத்தம் தன் நீரில் பெரும்பங்கையும், நீரோடு கலந்திருந்த உப்புகளையும் இழந்திருந்தது. அவ்விரண்டுமே கழிச்சலில் வெளியேறியிருந்தன. எனவே இழந்த நீரையும் உப்பையும் உடலுக்குள் திரும்பச் செலுத்துவதே முறை என்று அவர் எழுதினார். இவரே பின்னர் 1833இல் கல்கத்தாவுக்கு வந்து, மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, அதன்பின் இந்தியாவில் தந்திக் கம்பிகளை நிறுவும் பெரும்பணியை நடத்தியவர்.

அவர் சொன்னதை ஸ்காட்லாந்தின் லீத் நகரத்து வைத்தியர் தாமஸ் லாட்டா 1832இல் செய்து பார்த்தார். சாகும் தறுவாயில் இருந்த மூதாட்டி ஒருவரின் இரத்த நாளத்தினுள் வெதுவெதுப்பான உப்புநீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தினார். குழிந்த கண்கள் ஒளி பெற்றன. நாடி மீண்டும் துடித்தது. கிழவியார் பேசவும் செய்தார். இனி அபாயமில்லை என்று லாட்டா களைப்பாறச் சென்றார். ஆனால் கழிச்சல் நிற்கவில்லை. செலுத்திய நீரும் வெளியேறிப் போயிற்று. சில மணி நேரத்தில் அம்மூதாட்டி இறந்தார். இச்சிகிச்சை ஒரு முறை செய்து முடிக்கும் காரியமன்று, இழப்பு தொடரும் வரையில் ஈடும் தொடர வேண்டும் என்பது அன்று கிடைத்த பாடம். லாட்டா அதனை உணர்ந்து தொடர்ந்து செலுத்திச் சிலரைப் பிழைக்கவும் வைத்தார். அடுத்த ஆண்டில் அவரும் மறைந்தார். கிருமிகளைப் பற்றிய அறிவு இல்லாத காலமாதலால், ஏற்றிய நீரே நச்சாகிப் பலர் மடிந்தனர். முறை கைவிடப்பட்டது, மறக்கவும்பட்டது.

மறுபடியும் அதனை எடுத்துக்கொண்ட இடம் கல்கத்தா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோனார்ட் ராஜர்ஸ் என்ற மருத்துவர், காலரா நோயாளிகளுக்குச் செறிவு மிகுந்த உப்புநீரை இரத்த நாளத்தின் வழியே ஏற்றினார். நூற்றுக்கு அறுபதை ஒட்டியிருந்த மரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பின்வந்தவர்கள் உப்புநீரின் அளவையும் கலவையையும் மேலும் திருத்தினர். 1960களில், நல்ல மருத்துவமனையில் தக்க நேரத்தில் சேர்க்கப்பட்ட காலரா நோயாளி இறப்பது அரிது என்ற நிலை ஏற்பட்டது.

ஆயின் அந்த நல்ல மருத்துவமனை எங்கே இருந்தது? காலரா தாக்குவது பெரும்பாலும் சாலையும் மின்விளக்கும் இல்லாத கிராமங்களையும், குழாய்நீர் எட்டாத சேரிகளையுமே. அங்கே காய்ச்சி வடித்துக் கிருமி நீக்கிய நீருக்கு எங்கே போவது? கண்ணாடிப் புட்டிக்கும், ரப்பர்க் குழாய்க்கும், ஊசிக்கும், ஊசியைச் செலுத்தத் தெரிந்த கைக்கும் எங்கே போவது? சிகிச்சை இருந்தது; அது தேவைப்பட்டவனிடம் போய்ச் சேரவில்லை.

அப்படியாயின் உப்புநீரை வாய்வழியே குடிக்கச் செய்தால் என்ன என்ற எண்ணம் யாருக்கும் தோன்றவில்லையா? தோன்றிற்று. ஆனால் அதற்கு இரண்டு தடைகள் இருந்தன. உப்புநீரை மட்டும் குடித்த காலரா நோயாளிக்குக் கழிச்சல் பெருகியதே அன்றிப் பயன் ஏற்படவில்லை என்பது ஒன்று. காலராவில் குடலின் உட்புறமே உரிந்து கெட்டுப்போகிறது, ஆகவே அதற்கு ஓய்வு கொடுப்பதே முறை என்ற கொள்கை மற்றொன்று. நம் வீடுகளிலும் இதே நம்பிக்கை வேறு உருவில் இருந்தது. சில வீடுகளில் இன்னமும் இருக்கிறது. பேதி கண்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகும் என்று சொல்லி, தாகத்தால் தவிக்கும் குழந்தையின் வாயைக் கட்டிவைக்கும் வழக்கத்தை நாம் அறிவோம்.

1953ஆம் ஆண்டில் கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற மருத்துவர் இத்தடைகளைத் தாண்டி நடந்தார். உப்போடு குளுக்கோஸ் என்னும் சர்க்கரையையும் நீரில் கலந்து, கடுமை மிகாத காலரா நோயாளிகள் 186 பேருக்குக் குடிக்கக் கொடுத்தார். வாந்தியை அடக்க ஒரு மருந்தும், கழிச்சலைக் குறைக்க ஓர் இலைச்சாறும் உடன் கொடுத்தார். அவ்விலை வேறொன்றுமன்று; நம் வீட்டுத் தொட்டிகளில் வளரும் ஓமவல்லியே. ஊசியின்றியே நோயாளிகள் தேறினர். அவர் எழுதிய கட்டுரை அவ்வாண்டிலேயே இலண்டனின் புகழ்பெற்ற ‘லான்செட்’ பத்திரிகையில் வெளிவந்தது. ஆயினும் உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. உடலில் சேர்ந்த நீரையும் வெளியேறிய நீரையும் அளந்து காட்டும் கணக்கு அதில் போதிய அளவு இல்லை என்று பிற்காலத்தார் காரணம் கூறினர். அது ஏன் பயன்பட்டது என்பதும் அன்று யாருக்கும் விளங்கவில்லை.

விளக்கத்தின் முதற்பாதியும் கல்கத்தாவிலிருந்தே வந்தது. 1959இல் சம்புநாத் தே என்னும் அறிஞர், காலராக் கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிய பின்னும், எஞ்சிய நீரே குடலிலிருந்து நீரைச் சுரக்கச் செய்கிறது என்று நிறுவினார். கிருமி குடலை அரித்து அழிப்பதில்லை. ஒரு நஞ்சை உமிழ்கிறது. அந்நஞ்சின் ஏவலால் குடல் நீரைக் கொட்டுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. குடல் கெட்டுப்போகவில்லையானால், அது உறிஞ்சும் தொழிலையும் இழந்திருக்க வேண்டியதில்லை அன்றோ!

மறுபாதியை 1960இல் ராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க அறிஞர் பிராக் நகரத்துக் கூட்டமொன்றில் எடுத்துரைத்தார். குடலின் சுவரில் நுண்ணிய வாயில்கள் உண்டு. அவற்றுள் ஒருவகை வாயில், உப்பின் கூறாகிய சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வரும்போதுதான் திறக்கிறது. இரண்டும் இணைந்து உள்ளே நுழையும்போது நீரும் அவற்றின் பின்னே செல்கிறது. காலராவின் நஞ்சு மற்ற வழிகளை எவ்வளவு குலைத்தாலும், இவ்வாயிலை மட்டும் அடைப்பதில்லை. வெறும் நீர் ஏன் போதவில்லை, வெறும் உப்புநீர் ஏன் பயன்படவில்லை, சர்க்கரை சேர்ந்ததும் ஏன் நிலைமை மாறிற்று என்பவற்றிற்கெல்லாம் விடை இதுவே. சர்க்கரை இங்கே சுவைக்காகவும் அன்று, சத்துக்காகவும் அன்று. உப்பையும் நீரையும் உள்ளே அழைத்துச் செல்லும் துணையாகவே அது சேர்க்கப்படுகிறது.

1960களில் டாக்காவின் காலரா ஆராய்ச்சிக் கூடத்திலும் கல்கத்தாவின் தொற்றுநோய் மருத்துவமனையிலும் இக்கருத்து நோயாளிகளிடம் முறைப்படி சோதிக்கப்பட்டது. டாக்காவில் டேவிட் நேலின், ரிச்சர்ட் காஷ் என்ற இளம் மருத்துவர் இருவர், நோயாளி இழக்கும் நீரை அளந்து அதற்கு ஈடாகச் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைக் குடிக்கச் செய்தனர். நாளத்தின் வழியே ஏற்றவேண்டிய நீரின் தேவை ஏறத்தாழ 100க்கு 80 பங்கு குறைந்தது. 1968இல் இம்முடிவு வெளியாயிற்று. அப்போதும் மருத்துவர் பலர் தலையசைக்கவில்லை. ஆராய்ச்சிக் கூடத்தில், பயின்ற மருத்துவர் அருகிலிருந்து அளந்து கொடுத்தது சரிதான். எழுத்தறியாத மக்களிடம் இதனை எங்ஙனம் ஒப்படைப்பது என்று அவர்கள் ஐயுற்றனர்.

அவ்வையத்துக்கு விடையளிக்க வேண்டிய நாள் விரைவில் வந்தது.

1971ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் இராணுவத்தின் அடக்குமுறை தொடங்கிற்று. உயிருக்கு அஞ்சிய மக்கள் எல்லையைக் கடந்து இந்தியாவுக்குள் வந்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் அவ்வாறு வந்தவர் தொகை ஏறத்தாழ ஒரு கோடி. கல்கத்தாவின் சியால்தா நிலையத்திலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில், எல்லையை ஒட்டியிருக்கிறது போங்காவ் என்னும் ஊர். 1947ஆம் ஆண்டுப் பிரிவினை வரையில் பழைய ஜெஸ்ஸூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர் அது. 1817இல் எந்தப் பகுதியிலிருந்து காலரா உலகப் பயணம் புறப்பட்டதோ, அப்பகுதியின் வழியாகவே 1971இல் அகதிகள் நடந்து வந்தனர். மழை தொடங்கிற்று, கூடாரங்களிலும், திறந்த வெளியிலும், சாக்கடைக் குழாய்களினுள்ளும் மக்கள் அடைந்து கிடந்தனர். காலரா அவர்களிடையே மூண்டது.

போங்காவ் அரசு மருத்துவமனையில் காலரா நோயாளிகளுக்கென இருந்தவை இரண்டே அறைகள், படுக்கைகள் 16. ஜூன் மாத இறுதியில் கல்கத்தாவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தார் திலீப் மகலனாபிஸ் என்னும் மருத்துவர். அப்போது அவருக்கு வயது 36. குழந்தை மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றவர். கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் வாய்வழி நீரேற்றத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தவர். அவர் கண்ட காட்சி கல்லையும் கரைக்கத்தக்கது. படுக்கைகள் நிரம்பி, தரையெங்கும் நோயாளிகள் கிடந்தனர். கழிச்சலிலும் வாந்தியிலும் முழங்காலிட்டே அவர்களுக்குச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. சில நாட்களுக்குள், ஏற்றுவதற்கான உப்புநீர்ப் புட்டிகள் தீரும் தறுவாயை அடைந்தன. ஊசி ஏற்றத் தெரிந்தவர்களும் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே.

வாய்வழிச் சிகிச்சையை இவ்வளவு பெரிய கூட்டத்தில், மருத்துவர் மேற்பார்வையின்றி, எவரும் அதுகாறும் செய்து பார்த்ததில்லை. ஆயினும் வேறு வழி இல்லை. மகலனாபிஸ் துணிந்தார். லிட்டர் ஒன்றுக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கணக்கிட்டார். எளிதில் கிடைப்பவையும் விலை குறைந்தவையுமான பொருள்கள் இவை. கல்கத்தா நிலையத்தின் நூலக அறையிலேயே இவை நிறுத்து, பாலிதீன் பைகளில் இடப்பட்டு, துணி தேய்க்கும் பெட்டியின் சூட்டால் ஒட்டப்பட்டன. போங்காவில் அவற்றைக் குழாய் பொருத்திய பீப்பாய்களில் இட்டுத் தூய நீரில் கரைத்தனர். நோயாளியின் உறவினர் குவளையுடன் வந்து குழாயைத் திருகிப் பிடித்துச் சென்று, தாமே ஊட்டினர். தாய் குழந்தைக்கு ஊட்டினாள். மகன் தந்தைக்கு ஊட்டினான். தேறி எழுந்தவர் பக்கத்தில் கிடந்தவருக்கு ஊட்டினார். நாடி அடங்கிக் கிடந்தவர்களுக்கு மட்டுமே முதலில் ஊசிவழி நீர் ஏற்றப்பட்டது. அவர்களும் கண் விழித்ததும் குவளைக்கு மாறினர்.

ஊசியே மருத்துவம் என்று நம்பியிருந்த மக்களும் ஊழியர்களும் தொடக்கத்தில் தயங்கினர். ஆதலால் அந்நீருக்கு ‘வாய்வழிச் சலைன்’ என்றே பெயர் வழங்கினர். இரண்டு மூன்று வாரங்களில் பலன் கண்கூடாயிற்று. ஜூன் இறுதியிலிருந்து ஆகஸ்டு இறுதி வரையில் ஏறத்தாழ 3,700 நோயாளிகள் அங்கே சிகிச்சை பெற்றனர். அவர்களுள் இறந்தவர் 100க்கு 3.6 பேர். முகாம்களில் அதற்கு முன் 100க்கு 30 பேர் வரையில் இறந்துகொண்டிருந்தனர்.

வானொலியை நாடும் நமக்கு உவப்பளிக்கும் செய்தி ஒன்றும் இங்கே உண்டு. உப்பையும் சர்க்கரையையும் நீரையும் எவ்வளவு கலப்பது என்பதைத் துண்டுப் பிரசுரங்களாக அச்சிட்டு எல்லைப்புறத்தில் வழங்கியதோடு, வங்கதேச விடுதலைப் போராளிகளின் இரகசிய வானொலி நிலையத்தின் வாயிலாகவும் அறிவித்தனர் என்று மகலனாபிஸ் பின்னாளில் கூறியிருக்கிறார். ஊசியையும் புட்டியையும் வானில் அனுப்ப இயலாது; ஒரு சொல்லை அனுப்ப இயலும். மருந்து அங்காடியில் உள்ள பண்டம் என்ற நிலை மாறி, யாரும் கேட்டுக் கற்றுக்கொள்ளத்தக்க செய்தியாக அன்று உருக்கொண்டது.

இவ்வளவுக்குப் பின்னும் எதிர்ப்பு ஓயவில்லை. போங்காவ் அனுபவத்தை விவரித்த கட்டுரை எளிதில் பத்திரிகைகளில் இடம் பெறவில்லை; 1973இல்தான் வெளியாயிற்று. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தில் காலராத் துறையில் பணியாற்றிய தீமன் பருவா என்ற வங்காளியர் முகாமுக்கு நேரில் வந்து கண்டவர். அவருடைய இடைவிடாத முயற்சியால் அந்நிறுவனம் இம்முறையை ஏற்றது. 1978இல் வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்தும் உலகத் திட்டமொன்று தொடங்கிற்று. அதே ஆண்டில், ஒருகால் சட்டர்ஜியின் கட்டுரையை வெளியிட்ட அதே ‘லான்செட்’ பத்திரிகை, இந்நூற்றாண்டின் மிகப் பெரிய மருத்துவ முன்னேற்றமாக இது அமையக்கூடும் என்று பாராட்டி எழுதிற்று.

இச்செய்தியை வீடுதோறும் கொண்டு சென்ற பெருமை வங்கதேசத்துக்கு உரியது. அங்கே 1980ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டுக் காலம், ‘பிராக்’ என்னும் தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் கிராமம் கிராமமாக நடந்து, ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் வீடுகளில் தாய்மாருக்குக் கற்பித்தனர். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர்: இதுவே பாடம். தாய் தன் கையாலேயே கலந்து காட்ட வேண்டும். சில நாள் கழித்து வேறொருவர் வந்து அத்தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்று சோதிப்பார். அதற்கேற்பவே கற்பித்தவருக்கு ஊதியம். வாய்ப்பாடாகச் சொல்லிவிட்டுப் போகும் வழக்கத்துக்கு அங்கே இடமில்லை. ஒரு காலத்தில் ஆராய்ச்சிக் கூடத்துக்கு வெளியே தரத்தக்கதன்று என்று அறிஞர் அஞ்சிய சிகிச்சை, எழுத்தறியாத தாய்மாரின் கைப்பழக்கமாயிற்று.

தமிழகமும் இவ்வரலாற்றில் ஒரு பக்கத்தை எழுதியிருக்கிறது. சர்க்கரை கலந்த நீர் உயிரைக் காத்தாலும், கழிச்சலின் அளவை அது பெரிதும் குறைப்பதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர், எளிதில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவை அந்நீரில் சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தபோது கழிச்சல் குறைவதையும் நோய் விரைவில் நீங்குவதையும் கண்டு, 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதற்கு முன்பே டாக்காவில், குளுக்கோஸுக்குப் பதிலாக அரிசி மாவைக் காய்ச்சி உப்பிட்டுக் கொடுத்து நற்பயன் கண்டிருந்தனர். அரிசியின் மாவுச்சத்து குடலில் சிறிது சிறிதாகக் குளுக்கோஸாக மாறுவதே அதன் காரணம். காய்ச்சலிலும் பேதியிலும் உப்பிட்ட நீர்த்த கஞ்சியைக் கொடுத்த நம் முன்னோர், வாயிலின் கதையை அறியாதிருந்திருக்கலாம். வழியைத் தவறாமல் பிடித்திருந்தனர்.

கலவையும் காலத்துக்கேற்பத் திருந்திவந்திருக்கிறது. பொட்டலம் கெடாமல் இருக்கும்பொருட்டு 1980களில் சோடாவுக்கு மாற்றாகச் சிட்ரேட் உப்பு சேர்ந்தது. 2002இல் உப்பும் சர்க்கரையும் சற்றுக் குறைக்கப்பட்டன. இன்று ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் கிடைக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் பொட்டலம், லிட்டர் ஒன்றுக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் சமையல் உப்பும், அவற்றோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் கொண்டது. குழந்தைகளின் பேதிக்கு இத்துடன் 10 முதல் 14 நாள் வரையில் துத்தநாக மாத்திரையும் கொடுப்பது 2004 முதல் பரிந்துரைக்கப்படுகிறது.

பயன் என்ன? 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 50 லட்சம் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறந்தனர். இன்று அத்தொகை 5 லட்சத்துக்கும் குறைவு. தூய நீர், தடுப்பூசி, நல்லுணவு ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. உப்பு சர்க்கரை நீரின் பங்கு மிகப் பெரிது. எனினும் அந்த 5 லட்சத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 2019 முதல் 2021 வரையில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் பேதி கண்ட குழந்தைகளுள் இந்நீரைப் பெற்றவர் 100க்கு ஏறத்தாழ 60 பேர் மட்டுமே. இக்கண்டுபிடிப்பைப் பெற்றெடுத்த நாட்டிலேயே பத்தில் நான்கு குழந்தைக்கு அது கிட்டவில்லை.

ஆதலால் நாம் மனத்தில் இருத்த வேண்டியவற்றைச் சுருங்கக் கூறுவோம். நலமாயிருக்கும்போது ஓ.ஆர்.எஸ். தேவையில்லை, தாகத்துக்குத் தூய நீரும், மோரும், கஞ்சியும் போதும். வெயிலில் உழைப்போர் தாகம் தோன்றும் வரையில் காத்திராமல் அவ்வப்போது பருக வேண்டும். சிறுநீர் வெளிர் நிறமாக இருப்பது நல்ல அடையாளம். இருதய நோயும் சிறுநீரக நோயும் உடையவர் தம் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.

பேதி தொடங்கியதும் இழப்புக்கு ஈடு செய்வதையும் உடனே தொடங்க வேண்டும். ஐந்து கிலோ எடையுள்ள குழந்தை அரை லிட்டர் நீரை இழந்தாலே அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. அது உயிருக்கு அபாயமான நிலை. பொட்டலத்தை அதன்மேல் எழுதியுள்ள அளவு நீர் முழுவதிலும் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், ஒரு தம்ளர் நீர் என்று மனம்போனபடி கலத்தல் தீங்கு. பொட்டலம் கிட்டாதபோது, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். கண்ணீரைக் காட்டிலும் உப்புக் கரிக்குமானால் அதனைக் கொட்டிவிட்டு மறுபடி கலக்க வேண்டும். ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்கலாகாது. குழந்தை வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மீண்டும் ஊட்ட வேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், சிறுநீர் நின்று, குழந்தை துவண்டு கிடந்தாலும், குடிக்க மறுத்தாலும், கழிச்சலில் இரத்தம் கண்டாலும் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். வழியிலும் ஊட்டிக்கொண்டே செல்ல வேண்டும்.

கடைகளில் வண்ண வண்ணப் பெட்டிகளில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகமாட்டா. அளவுக்கு மிஞ்சிய சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைப் பெருக்கும். அத்தகைய பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கலாகாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. வாங்குமுன் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குவது நன்று.

சம்புநாத் தே 1985இல் மறைந்தார். அவருடைய நாட்டினரிலேயே பெரும்பாலோர் அவர் பெயரை அறியவில்லை. திலீப் மகலனாபிஸ் 2022 அக்டோபரில் கல்கத்தாவில் காலமானார். மறைவுக்குப் பின் 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. உயிரோடிருந்த காலத்தில் அவரை அடையாளம் கண்டு வாழ்த்தியவர் சிலரே. அவருக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு ஒன்று உண்டு. நாம் வாழும் ஊரில், நம் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கும், அண்டை வீட்டுத் தாய்க்கும், தெருமுனையில் குடிசை போட்டிருக்கும் கட்டடத் தொழிலாளியின் குடும்பத்துக்கும் இச்சிறு பாடத்தைச் சொல்லிக் கொடுப்போம். அவர்கள் பேசும் மொழி இந்தியோ வங்காளியோ மராத்தியோ, எதுவாயினும் ஆகுக; உப்பு, சர்க்கரை, நீர் என்னும் மூன்று சொற்களை அம்மொழியில் நாம் ஏற்கெனவே அறிவோம். அளவைக் கையால் காட்டினால் போதும்.